பிறமொழி வகுப்பில் பேச்சு என்பது ஒரே பாடமல்ல

பினாங்கில் ஜப்பானிய மொழி படித்த இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், ஐந்து நிலைகளில் நடுவில் உள்ள என்3 நிலை தேறியிருக்கிறார். நூற்றுக்கணக்கான கான்ஜி எழுத்துகள் தெரியும், பத்தி பத்தியாக வாசித்தாலும் புரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஜப்பானிய மேலாளர் லிஃப்ட் அருகே நின்றபடி, "நேற்று மழையில் மாட்டிக்கொண்டீர்களா?" என்று சும்மா கேட்கிறார். கேள்வி புரிகிறது, பதில் வரவில்லை. இன்னொரு பக்கம், ஜெர்மன் படிக்கும் மாணவி ஒருத்தி தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் தடையில்லாமல் பேசுகிறாள். பெயர், வயது, குடும்பம், பொழுதுபோக்கு எல்லாம் வரிசையாக வருகின்றன. நடுவில் நிறுத்தி, "உன் அண்ணன் எங்கே வேலை செய்கிறார்?" என்று கேட்டால் திகைத்துப்போய் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குகிறாள்.

இருவரும் நன்றாக உழைத்துப் படித்தவர்கள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, "இன்னும் இலக்கணம் பலப்பட வேண்டும், இன்னும் சொற்கள் வேண்டும்" என்று முடிவு கட்டுவதுதான் பல வகுப்புகளில் வழக்கம். அந்த முடிவு தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்த இளைஞருக்குப் பொருள்கொள்ளும் பயிற்சி கிடைத்திருக்கிறது. மாணவிக்கு ஒப்பிக்கும் பயிற்சி கிடைத்திருக்கிறது. உரையாடும் பயிற்சி இருவருக்குமே கிடைக்கவில்லை. இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒன்றைப் பழகிவிட்டால் மற்றது தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் நம் பிறமொழி வகுப்புகள் பிள்ளைகளின் ஆண்டுகளைச் செலவழிக்கின்றன.

மொழிப்பாடத்தைக் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று பிரிப்பது நமக்குப் பழகிப்போனது. தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டமும் அந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. காது, வாய், கண், கை இவற்றில் எது வேலை செய்கிறது என்று அந்தப் பிரிப்பு காட்டும். எதிரே ஆள் இருக்கிறாரா, அவரிடம் திருப்பிக் கேட்க முடியுமா என்பதைக் காட்டாது. வாட்ஸ்அப்பில் "எங்கே இருக்கே?", "பாலத்துல ஜாம்" என்று இருவர் மாறி மாறித் தட்டுவது எழுத்துதான், ஆனாலும் அது முழுக்க உரையாடல். மின்னல் எஃப்எம் வானொலியில் வாசிக்கப்படும் செய்தி பேச்சுதான், ஆனாலும் நேயர் நடுவில் புகுந்து "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க வழியில்லை. மேடைப் பேச்சு உண்மையில் கட்டுரைக்குத்தான் நெருக்கம். கோப்பிக் கடையில் நடக்கும் பேச்சோடு அதற்கு உறவு குறைவு.

1996இல் அமெரிக்காவில் வெளியான பிறமொழிக் கல்வித் தரநிலைகள் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தன. ஆக்ட்ஃபில் என்ற பிறமொழி ஆசிரியர் அமைப்பும் வேறு சில மொழி ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து உருவாக்கியவை அவை. தொடர்பாடலை அவை மூன்று வழிகளாகப் பிரித்தன. முதலாவது, இருவரோ பலரோ மாறி மாறிப் பேசி, புரியாததைக் கேட்டுத் தெளிந்து, சேர்ந்தே பொருளை உருவாக்கும் உரையாடல். இரண்டாவது, பேசியவரோ எழுதியவரோ பக்கத்தில் இல்லாதபோது கேட்டும் வாசித்தும் பார்த்தும் பொருள்கொள்வது. மூன்றாவது, முன்கூட்டியே தயார்செய்து கேட்போருக்கோ வாசகருக்கோ எடுத்துச் சொல்வது. மலேசியப் பள்ளி வழக்கில் இதைப் படைத்தல் என்போம். எழுத்தும் பேச்சும் இந்த மூன்றிலுமே இடம்பெறலாம்.

மொழித் திறனை நிலைகளாக அளக்க ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர் சட்டகம் கிட்டத்தட்ட இதே வழியில் போய் நான்காவதாக ஒன்றையும் சேர்த்தது. ஏற்றல், ஆக்கல், ஊடாடல், அப்புறம் இரண்டு தரப்புக்கு நடுவில் நின்று பொருளைக் கொண்டுசேர்த்தல். மலேசியாவில் 2015 முதல் 2025 வரைக்கான ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத் திட்டம் இந்தச் சட்டகத்தைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அதனால் ஏ1, பி1, பி2 என்ற நிலைப் பெயர்கள் இன்று பெற்றோர் வாயில்கூடப் புழங்குகின்றன. நிலைகளின் பெயர்கள் இப்படிப் பரவிய அளவுக்கு, அவற்றுக்கு அடியில் இருக்கும் இந்த நான்கு வழிப் பிரிப்பு பரவவில்லை. கற்பிப்பதை மாற்றக்கூடியது அந்தப் பிரிப்புதான்.

உரையாடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பில் அதிகம் போலியாக நடப்பது இதுதான். பாடநூலில் ஓர் உரையாடல் இருக்கும். ஒரு கடைக்காரர், ஒரு வாடிக்கையாளர். இரண்டு மாணவர்கள் முன்னால் வந்து அதை ஒப்பிப்பார்கள், ஆசிரியர் "நன்று" என்பார். அங்கே நடந்தது படைத்தல்தான், ஆட்கள் மட்டும் இருவர். வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்று கடைக்காரருக்கு முன்பே தெரியும். கடைக்காரர் தவறான விலையைச் சொன்னாலும் வாடிக்கையாளர் அடுத்த வரியைச் சொல்லிவிட்டுப் போவார். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க வேண்டிய தேவையே அங்கே இல்லை. ஒரு வகுப்பில் உரையாடல் நடக்கிறதா என்று பார்க்க நான் கவனிப்பது ஒன்றைத்தான். கேள்வி கேட்பவருக்குப் பதில் முன்பே தெரிந்திருந்தால் அது உரையாடல் இல்லை. "இது என்ன?" என்று பேனாவைத் தூக்கிக் காட்டி ஆசிரியர் கேட்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

உண்மையான உரையாடலில் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடுகின்றன. எதிராளி அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாது. அவர் பேசி முடித்ததும் யோசிக்கக் கிடைக்கும் நேரம் கண்ணிமைக்கும் நேரம்தான். புரியாதபோது எங்கே புரியவில்லை என்று சொல்ல வேண்டும். தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். நம் முறை எப்போது வருகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். 1980களில் மைக்கேல் லாங் என்ற மொழியியலாளர் முன்வைத்த கருத்து இங்கே பயன்படும். இருவர் பேசும்போது புரியாமல் நின்று, "என்ன சொன்னீர்கள்?", "அதாவது சனிக்கிழமையா?" என்று கேட்டுச் சரிசெய்துகொள்ளும் அந்த இடங்களில்தான் மொழி நன்றாகப் படிகிறது என்றார் அவர். ஒத்திகை பார்த்த உரையாடலில் அந்த இடங்கள் ஒன்றுகூட இருப்பதில்லை. தடுமாற்றத்தை ஒழிப்பதற்காகவே ஒத்திகை பார்க்கிறோம், கற்றலும் அதோடு போய்விடுகிறது.

ஆகவே முதல் வாரத்திலேயே கற்றுத்தர வேண்டியவை, சிக்கலிலிருந்து மீள உதவும் சின்னச் சின்னத் தொடர்கள். ஜெர்மன் மாணவருக்கு "வீ பிட்டே?" (என்ன சொன்னீர்கள்?), "நோக் மால், பிட்டே" (இன்னொரு தடவை, தயவுசெய்து). ஜப்பானிய மாணவருக்கு "சுமிமாசென், மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாஸ்" (மன்னிக்கவும், இன்னொரு தடவை சொல்லுங்கள்). இவை பல பாடநூல்களில் ஓர் ஓரத்தில் பெட்டிக்குள் கிடக்கும், தேர்விலும் பெரும்பாலும் வராது. ஆனால் நூறு பெயர்ச்சொற்களைவிட இவற்றுக்கு உயிர் அதிகம். திருப்பிக் கேட்கத் தெரிந்த மாணவர் உரையாடலில் நிற்பார். தெரியாதவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு விலகிவிடுவார்.

கேட்பவரின் பங்கும் மொழிக்கு மொழி மாறுகிறது. ஜப்பானியர் பேசும்போது கேட்பவர் இடையிடையே "ஹாய்", "ஏ" (ஆமாம்), "ஸோ தெஸ் நே" (அப்படித்தான்) என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஐசுச்சி என்று அதற்குப் பெயர். தொலைபேசியில் அது நின்றுபோனால் பேசுபவர் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று "மோஷி மோஷி?" (ஹலோ?) என்பார். பாட்டி கதை சொல்லும்போது "உம்" கொட்டி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க அரை நிமிடம் போதும். அப்படியும் எத்தனை வகுப்புகளில் இதைப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வகுப்பில் நல்ல மாணவர் என்றால் வாய் திறக்காமல் கேட்பவர் என்ற பழக்கம் ஜப்பானிய உரையாடலுக்கு நேர் எதிரானது.

சரி, வகுப்பில் உரையாடலை எப்படி உண்டாக்குவது? ஒருவரிடம் இருக்கும் செய்தி மற்றவரிடம் இல்லாமல் இருக்க வேண்டும், அந்தச் செய்தி இருவருக்கும் தேவைப்பட வேண்டும். இவ்வளவுதான் விதை. பினாங்குப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் படங்கள் தேவையில்லை. இருவரும் சனிக்கிழமை பினாங்கு மலைக்குப் போக வேண்டும். ஒருவர் கையில் இருக்கும் தாளில் கொம்தாரிலிருந்து 204 பேருந்து புறப்படும் நேரங்களும், அவர் பகல் 12 மணி வரை டியூஷனில் இருப்பதும் எழுதியிருக்கும். மற்றவர் தாளில் மலை ரயில் கட்டணமும், மாலை ஆறு மணிக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் வீட்டாரைச் சந்திக்க வேண்டும் என்பதும் இருக்கும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. பேசித்தான் ஒரு நேரத்தை முடிவு செய்ய வேண்டும். பத்து நிமிடம் இதில் விட்டால் எண்கள், நேரம், "முடியும்", "முடியாது", "அப்படியானால்" எல்லாம் தேவை கருதியே வாயிலிருந்து வரும். இலக்கணம் அங்கங்கே உடையும், உடையட்டும். முடிவில் இருவரும் ஒரே நேரத்தைச் சொல்கிறார்களா என்று பார்த்தால் போதும். வெவ்வேறு நேரத்தைச் சொன்னால் எங்கே பிசகியது என்று அவர்களே தேடுவார்கள்.

பொருள்கொள்ளல் பற்றி நம்மிடம் இருக்கும் தவறான பழக்கம் ஒன்று, எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் புரிய வைப்பது. ஆசிரியர் ஒரு பத்தியை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லி முடித்தபின் மாணவருக்குப் புரிவது ஆசிரியரின் விளக்கம்தான், அந்தப் பத்தி இல்லை. ரயில் நிலைய அறிவிப்பை எந்த ஆசிரியரும் பக்கத்தில் நின்று விளக்கப்போவதில்லை. தெரியாத சொற்களுக்கு நடுவிலும் தனக்கு வேண்டிய நடைமேடை எண்ணைப் பிடிக்கப் பழக வேண்டும். எனவே உண்மையான விளம்பரம், உண்மையான உணவுப் பட்டியல், உண்மையான வானிலை அறிவிப்பு இவற்றைத் தொடக்க நிலையிலேயே கொடுக்கலாம். கடினமாக இருந்தால் உரையை மாற்ற வேண்டியதில்லை, அதன்மேல் கேட்கும் கேள்வியை எளிதாக்கலாம். "இந்தக் கடை எந்த நாளில் திறக்காது?" என்ற கேள்விக்கு முதல் மாத மாணவரும் விடை கண்டுபிடிப்பார்.

இன்னொன்று உண்டு. கேட்டுப் புரிந்தாரா என்று சோதிக்கும்போது விடையையும் அதே மொழியில் முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்கிறோம். விடை தவறினால், அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் சொல்லத் தெரியவில்லையா என்று நமக்குத் தெரியாமல் போய்விடும். தொடக்க நிலையில் விடையைத் தமிழிலோ மலாயிலோ சொன்னால் என்ன? படத்தைத் தொட்டுக் காட்டினால் என்ன? சோதிக்க வந்தது புரிதலைத்தானே.

நிறையக் கேட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்று சொல்வோரும் உண்டு. இதற்குக் கனடாவில் பெரிய அளவில் விடை கிடைத்தது. 1965இல் கியூபெக் மாநிலத்தின் செயின்ட் லாம்பர்ட் பள்ளியில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் முறை தொடங்கி நாடெங்கும் பரவியது. பல ஆண்டுகள் அப்படிப் படித்த பிள்ளைகள் பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட இணையாக நின்றார்கள். பேச்சிலும் எழுத்திலும் அந்த இணை வரவில்லை. இதைக் கூர்ந்து பார்த்த மெரில் ஸ்வெயின் என்ற மொழிக் கல்வி ஆய்வாளர், சொல்ல வேண்டிய கட்டாயத்துக்குள் மாணவரைத் தள்ளும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பதை அவர் கண்டுகொள்கிறார் என்று 1985இல் எழுதினார். தமிழ் நாடகங்களைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் நன்றாகப் புரிந்தும், பதிலை மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் சொல்லும் பிள்ளைகளை நம் வீடுகளிலேயே பார்க்கிறோமே.

படைத்தல் நம் பலம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, கவிதை ஒப்புவிப்பு என்று பிள்ளைகள் மேடையிலேயே வளர்கிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் ஆங்கிலத்தில் கோரல் ஸ்பீக்கிங் என்ற குழுவாக ஒப்பிக்கும் போட்டி காத்திருக்கிறது. "மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நீதி தவறா நடுவர்களே" என்று ஏழு வயதுப் பிள்ளை குரலை ஏற்றி இறக்கிச் சொல்லும்போது அரங்கம் கைதட்டும். அந்தத் துணிச்சலும் குரல் வளமும் உண்மையான சொத்து. சிக்கல் எங்கே வருகிறதென்றால், இதையே பேச்சுத் திறன் முழுவதற்கும் அளவுகோலாக வைத்துவிடுகிறோம். மேடையில் நன்றாகப் பேசும் பிள்ளைக்கு மொழி வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். பிறமொழி வகுப்பிலும் அதே பழக்கம் தொடர்கிறது. பாடத்தின் முடிவில் எல்லோரும் ஒரு சுய அறிமுகத்தை மனப்பாடம் செய்துவந்து ஒப்பித்தால் பேச்சுக்கு மதிப்பெண் விழுந்துவிடும்.

படைத்தலையும் ஒப்பித்தலோடு நிறுத்த வேண்டியதில்லை. கேட்பவர் யார் என்று முடிவு செய்வது, வரைவு எழுதுவது, சக மாணவரிடம் காட்டுவது, திருத்துவது, மறுபடி சொல்லிப் பார்ப்பது என்று அதற்கு ஒரு நீண்ட வேலை இருக்கிறது. லெபோ பசார் கடைத்தெருவைப் பற்றி ஜெர்மன் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு நிமிட ஒலிப்பதிவு செய் என்றால், மல்லிகைப்பூச் சரம் பற்றி எவ்வளவு விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற யோசனை தொடங்கும். யாருக்காக என்று சொல்லப்படாத படைப்பில் அந்த யோசனைக்கு இடமே இல்லை.

பிழை திருத்தும் நேரமும் இங்கேதான் முடிவாகிறது. இது ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பிழையை உடனே திருத்துவதா, விட்டுவிடுவதா? பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது, உரையாடலா படைத்தலா என்று வழியைச் சொன்னால் கிடைக்கும். இருவர் நேரம் பேசி முடிவு செய்துகொண்டிருக்கும்போது நடுவில் போய் வினைமுற்றைத் திருத்தினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லலாம். படைப்பின் வரைவில் எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாம், ஏனென்றால் மறுபடி எழுத நேரம் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாத வகுப்பில் பிள்ளைகள் எல்லா நேரமும் பிழைக்குப் பயந்தே வாயைத் திறப்பதில்லை.

இதெல்லாம் ஜெர்மனுக்கும் ஜப்பானியத்துக்கும்தான் என்று நினைக்க வேண்டாம். தமிழைப் பிறமொழியாகக் கற்பவரைப் பாருங்கள். பினாங்கு மருத்துவமனையில் வேலை செய்யும் மலாய்த் தாதி ஒருவர் தமிழ் நோயாளிகளிடம் பேச ஆசைப்படுகிறார். வகுப்புக்குப் போனால் பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், அப்புறம் "நீங்கள் எங்கு செல்கிறீர்கள்?" மூன்று மாதம் கழித்து வார்டில் ஒரு பெரியவர், "நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கும்மா, தலை வேற சுத்துது" என்கிறார். வகுப்பில் படித்த ஒரு சொல்லும் அவர் காதில் விழுந்த வடிவத்தில் இல்லை. தமிழில் பேச்சு வடிவத்துக்கும் எழுத்து வடிவத்துக்கும் உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரம் கிட்டத்தட்ட இந்த மூன்று வழிகளின் எல்லைக்கோட்டிலேயே ஓடுகிறது. உரையாடலுக்குப் பேச்சுத் தமிழ். மேடைக்கும் கட்டுரைக்கும் எழுத்துத் தமிழ். பொருள்கொள்ள இரண்டும் வேண்டும்.

பேச்சுத் தமிழை வகுப்புக்குள் கொண்டுவந்தால் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சும் நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் உடன்பட முடியவில்லை. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்துதான் இந்த நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை நாம் எண்ணுகிறோம். இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும், தமிழ் கற்க விரும்பும் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நாம் முதலில் கொடுப்பது அவர்கள் எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்காத வாக்கியங்களை. அந்தத் தாதிக்கு முதலில் "எங்க வலிக்குது?", "எப்ப இருந்து?", "சாப்பிட்டீங்களா?" வேண்டும். எழுத்துத் தமிழ் அறிவிப்புப் பலகைகளை வாசிக்க அப்புறம் வரட்டும். வரிசையை மாற்றுவதால் தமிழுக்குக் குறை வராது, பேச ஆளும் கூடும்.

நான்காவது வழியான நடுவில் நிற்பதற்கு வருவோம். நம் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டது இதுதான். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவர் மலாயில் இரண்டு நிமிடம் பேசுவார். பேரப்பிள்ளை திரும்பி, "பாட்டி, இந்த வெள்ளை மாத்திரைய காலைல சாப்பாட்டுக்கு அப்புறம் போடணுமாம், அடுத்த மாசம் ரத்தம் எடுக்க வரணுமாம்" என்று இரண்டு வாக்கியத்தில் முடிக்கும். அந்தப் பிள்ளை மொழிபெயர்க்கவில்லை. பாட்டிக்கு எது தேவை என்று தேர்ந்தெடுத்தது, மருத்துவச் சொற்களை உதறியது, பயமுறுத்தாத தொனியில் சொன்னது. தமிழ், மலாய், ஆங்கிலம், பினாங்காக இருந்தால் கொஞ்சம் ஹொக்கியன் என்று மாறி மாறி இதைச் செய்கிறது. 2001 சிஇஎஃப்ஆர் சட்டகத்தில் இந்த வழிக்குப் பெயர் இருந்தது, அளவிடும் விவரங்கள் இல்லை. 2018இல் வந்து 2020இல் இறுதி வடிவம் பெற்ற துணைத்தொகுதிதான் அவற்றை விரிவாகக் கொடுத்தது.

பிறமொழி வகுப்பில் நுழைந்ததும் அந்தப் பிள்ளையிடம், "இங்கே தமிழும் மலாயும் பேசக்கூடாது" என்கிறோம். கற்கும் மொழியை அதிகம் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கம் சரிதான். ஆனால் ஒரு மொழியில் வாசித்ததை இன்னொரு மொழியில் ஒருவருக்குப் பயன்படும்படி சொல்வது தனித் திறன். அதற்கு இரண்டு மொழியும் வகுப்பில் இருக்க வேண்டும். ஜப்பானில் நகராட்சிகள் குப்பையைப் பிரித்துப் போடும் அட்டவணையை வீட்டுக்கு வீடு கொடுக்கும். எரியும் குப்பைக்கு ஒரு நாள், எரியாததற்கு வேறு நாள். அந்தத் தாளைக் கொடுத்து, நேற்றுதான் பினாங்கிலிருந்து ஒசாகா வந்து சேர்ந்த உன் அறைத்தோழனுக்குத் தமிழில் சொல்லிக்கொடு என்று ஒரு பயிற்சி வைக்கலாம். புரிதல் எவ்வளவு ஆழம் என்று இதில் தெரிவதுபோல் கேள்வித்தாளில் தெரியாது. நம் பிள்ளைகள் பெரும்பாலோரைவிட முன்னால் நிற்கும் இடத்தில் அவர்களுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

தேர்வுகளைப் பார்க்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது, ஏனென்றால் தேர்வு கேட்பதைத்தான் வகுப்பு கொடுக்கும். 1984இல் தொடங்கி, 2010 முதல் என்1 தொடங்கி என்5 வரை ஐந்து நிலைகளில் நடக்கும் ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது, எழுதும் பகுதியும் கிடையாது. மொழி அறிவு, வாசிப்பு, கேட்டல் மட்டும், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுத்துக் கருமையாக்கும் கேள்விகள். அதாவது முழுக்கப் பொருள்கொள்ளல். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தத் தேர்வு அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறது. அந்தச் சான்றிதழைப் பேச்சுக்கும் சான்றாக வாசிப்பது நம் தவறு. சீன மொழிக்கான எச்எஸ்கேயில் பேச்சுக்கு எச்எஸ்கேகே என்று தனித் தேர்வு இருக்கிறது. கொரிய மொழிக்கான தோபிக்கிலும் பேச்சு தனியாகத்தான் நடக்கிறது.

இதற்கு மாறாக கோத்தே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் மொழி பி1 பேச்சுத் தேர்வைப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து உட்காருவார்கள். முதல் பகுதியில் இருவரும் ஏதாவது ஒன்றைப் பேசித் திட்டமிட வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பைப் படைக்க வேண்டும். மூன்றாம் பகுதியில் அந்தப் படைப்பைப் பற்றிக் கேள்வியும் பதிலும். பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் ஏ2 நிலையிலும் வழிகாட்டிய நேர்காணல், தனிப் பேச்சு, ஊடாடும் பயிற்சி என்று மூன்று பகுதிகள் உண்டு. நம் இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலப் பேச்சுப் பகுதியும் 2021 முதல் இந்த வடிவத்துக்கு வந்துவிட்டது. இருவர் சேர்ந்து அமர்ந்து, முதலில் தேர்வாளரின் கேள்விகள், அப்புறம் தனித்தனியாகப் பேச்சு, கடைசியில் இருவரும் கலந்துரையாடல். படிவம் ஐந்து பிள்ளைகள் இரண்டாம் பகுதிக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போகலாம். மூன்றாம் பகுதிக்கு முடியாது. பக்கத்தில் இருக்கும் தோழி என்ன சொல்வாள் என்று யாருக்கும் தெரியாதே.

முப்பது பேர் இருக்கும் வகுப்பில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்ற கேள்வி நியாயமானது. எல்லோரையும் ஒவ்வொருவராக ஆசிரியர் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டால் வழி பிறக்கும். பதினைந்து ஜோடிகளும் ஒரே நேரத்தில் பேசட்டும், சத்தம் இருக்கட்டும். அன்று இரண்டு ஜோடிகளை மட்டும் ஆசிரியர் கவனித்துக் குறித்துக்கொண்டால், ஒரு தவணைக்குள் எல்லோரையும் பார்த்துவிடலாம். குறிப்பதற்கு வேறு வேறு தாள் வேண்டும், இது முக்கியம். உரையாடலுக்கான தாளில் புரியாதபோது திருப்பிக் கேட்டாரா, பதிலை ஒட்டி அடுத்த கேள்வி கேட்டாரா, எதிராளியைப் பேச வைத்தாரா என்பவை இருக்க வேண்டும். படைத்தலுக்கான தாளில் ஒழுங்கமைப்பு, இலக்கணத் திருத்தம், உச்சரிப்பு. இரண்டுக்கும் ஒரே தாளை வைத்தால், தடுமாறித் தடுமாறிக் கேட்டுத் தெளிந்த பிள்ளை குறைந்த மதிப்பெண்ணும், எதையும் கேட்காமல் ஒப்பித்த பிள்ளை நிறைந்த மதிப்பெண்ணும் வாங்குவார்கள். இப்போது நடப்பது பெரும்பாலும் அதுதான்.

ஜேஎல்பிடிக்குப் படிக்கும் வயதுவந்த மாணவர்களுக்கு இதில் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுக்கு வாரம் இரண்டு மாலைதான் கிடைக்கிறது, மாதிரித் தாள்களை முடித்தாக வேண்டும், கட்டிய பணத்துக்குத் தேர்ச்சி வேண்டும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மாதிரித் தாளின் கேட்டல் பகுதி முடிந்ததும் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, அதில் வந்த இருவரின் சிக்கலை ஜோடியாகப் பேசித் தீர்க்கச் சொல்லக் கால் மணி நேரம் போதும். ஒலிப்பதிவில் மேலாளர் கூட்டத்தை வியாழனுக்கு மாற்றச் சொல்கிறார். உனக்கு வியாழன் முடியாது. இப்போது நீ என்ன சொல்வாய்? சொற்களும் இலக்கணமும் அப்போதுதான் காதில் விழுந்திருக்கின்றன, சூழல் தயாராக இருக்கிறது. என்3 தேறியவர் லிஃப்ட் அருகே தேடியது இந்தக் கால் மணி நேரத்தைத்தான். மாலை வகுப்பில் சேரும்முன் பெற்றோரும் மாணவரும் கேட்க வேண்டிய கேள்வியும் இதை ஒட்டியதே: ஒரு பாடவேளையில் மாணவர்கள் ஒருவரோடொருவர், தாளைப் பார்க்காமல், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள்? பதில் சொல்லத் தயங்கும் நிலையத்தில் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.